சோற்றுச் சம்புடமும் மைச்சிமிழும்

பள்ளிக்கும் கல்லூரிக்கும் வேலைக்கும் புறப்படும் காலை அவசரத்தில் நம் வீடுகளில் இரண்டு சிறு பாத்திரங்கள் தவறாமல் திறக்கப்படுகின்றன. ஒன்று, மதியச் சோறு கட்டும் சம்புடம். மற்றொன்று, கண்ணுக்கு இடும் மைச்சிமிழ். இந்நாளில் அது பென்சிலாகவோ குழாயாகவோ உருமாறியிருக்கும். சம்புடத்துக்குச் செலவிடும் நேரத்தைவிடக் கண்ணாடியின் முன் செலவிடும் நேரம் சிலருக்கு மிகுதி. வேறு சிலரோ மை இடுவதை வீண் அலங்காரம் என்று ஒதுக்கிவிட்டு, கிடைத்த சோற்றை அள்ளி அடைத்துக்கொண்டு பேருந்தைப் பிடிக்க ஓடுவார்கள்.

சம்புடத்துக்கும் சிமிழுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. இரண்டுமே கண்ணைப் பற்றியவை. கண்ணின் பார்வையும் பளபளப்பும் சம்புடத்திலிருந்து வருகின்றன. மை தருவது அந்தப் பளபளப்பைச் சுற்றி ஒரு கரை மட்டுமே. சேலைக்குக் கரை அழகுதான். ஆனால் சேலை இல்லாமல் கரைக்கு என்ன வேலை? முதலில் சேலையைப் பார்ப்போம். பிறகு கரைக்கு வருவோம்.

கண் ஏன் பளபளக்கிறது?

உலர்ந்த சிமெண்டுத் தரை மங்கலாகத் தெரிகிறது. அதன்மீது ஒரு குவளை நீரைக் கொட்டினால் உடனே பளபளக்கிறது. தரை மாறவில்லை, மேற்பரப்பு மாறியது. உலர்ந்த தரையின் நுண்ணிய மேடுபள்ளங்கள் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. நீர் அந்தப் பள்ளங்களை நிரப்பிச் சமப்படுத்தியதும், ஒளி ஒழுங்காக எதிரொளிக்கிறது.

கண்ணிலும் இதுவே நிகழ்கிறது. கருவிழியின்மீது கண்ணீர்ப் படலம் ஒன்று எப்போதும் பரவியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறுகளாக்கினால், அவற்றுள் சில கூறுகளே அதன் தடிமன். கண்ணீரின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.34. காற்றிலிருந்து அதன்மேல் நேராக விழும் ஒளியில் எவ்வளவு திரும்பி வரும் என்பதை நீங்களே கணக்கிடலாம். 0.34-ஐ 2.34-ஆல் வகுத்து, வந்த விடையை அதனாலேயே பெருக்குங்கள். ஏறத்தாழ 0.02 கிடைக்கும். அதாவது 100-இல் 2 பங்கு. இந்த 2 பங்கு ஒளிதான் நம் எதிரில் நிற்பவரின் கண்ணில் நாம் காணும் ஒளிப்பொட்டு. ஜன்னலருகே நிற்பவரின் கண்ணில் அந்த ஜன்னலே சிறு உருவமாகத் தெரிவதை நீங்கள் கவனித்திருக்கலாம்.

இந்தப் படலம் வெறும் நீரன்று. அடியில் வழவழப்பான சளிப்பொருள், நடுவில் நீர், மேலே மிக மெல்லிய எண்ணெய் என்று மூன்று பொருள்கள் அதில் உள்ளன. எண்ணெய், இமை விளிம்பில் வரிசையாக அமைந்த சிறு சுரப்பிகளிலிருந்து வருகிறது. 1666-இல் இவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹென்ரிக் மெய்போம் என்பவரின் பெயரால் இவை மெய்போமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன. நீர் விரைவில் ஆவியாகிவிடாமல் இந்த எண்ணெய் மூடி காக்கிறது. நாம் இமைக்கும்போதெல்லாம் படலம் புதிதாக இழுத்துப் பூசப்படுகிறது. இந்தச் சுரப்பிகளை நினைவில் வையுங்கள். மை இடும்போது இவை மறுபடியும் வரும்.

அடியில் உள்ள சளிப்பொருள்தான் நீரைக் கண்ணின்மீது பிடித்து வைக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கான தட்டில் நீரை ஊற்றினால் அது பரவாமல் முத்துமுத்தாகத் திரள்கிறது அல்லவா? சளிப்பொருள் குறைந்தால் கண்ணிலும் கண்ணீர் சீராகப் பரவாது. அதைச் சுரக்கும் செல்கள் நலமாக இருக்க வைட்டமின் ஏ வேண்டும். அச்சத்து நெடுநாள் கிடைக்காவிட்டால், கண்ணின் வெண்பகுதி உலர்ந்து, சுருங்கி, பளபளப்பை இழக்கும். சில குழந்தைகளுக்கு அங்கே சோப்பு நுரை ஒட்டியதுபோன்ற வெண்ணிறத் திட்டு தோன்றும். 1863-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் இது பிட்டோ புள்ளி எனப்படுகிறது. நிலைமை முற்றினால் கருவிழியே மெலிந்து புண்ணாகி, பார்வை நிரந்தரமாகப் போய்விடும்.

திரையரங்கின் இருட்டு

படம் தொடங்கிய பிறகு திரையரங்கினுள் நுழைகிறீர்கள். முதலில் ஒன்றும் தெரிவதில்லை. நாற்காலியைத் தடவித் தடவி உட்காருகிறீர்கள். சற்று நேரத்தில் பக்கத்து வரிசையில் இருப்பவரின் முகம்கூடத் தெரிகிறது. இடையில் அரங்கின் வெளிச்சம் கூடவில்லை. உங்கள் கண்தான் மாறியிருக்கிறது.

நம் விழித்திரையில் இருவகைச் செல்கள் உள்ளன. ஏறக்குறைய 60 லட்சம் கூம்பு செல்கள் பகலொளியில் நிறங்களைக் காட்டுகின்றன. ஏறக்குறைய 12 கோடி குச்சி செல்கள் மங்கிய ஒளியில் பணியாற்றுகின்றன. குச்சி செல்லுக்குள் ரோடாப்சின் என்ற பொருள் உள்ளது. ஒரு புரதமும், வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறும் இணைந்ததே ரோடாப்சின். இருட்டில் ரெட்டினால் வளைந்த வடிவில், சாவி பூட்டுக்குள் பொருந்துவதுபோலப் புரதத்துக்குள் பொருந்தியிருக்கும். ஒளி பட்டதும் அது நிமிர்கிறது. அந்த நிமிர்வுதான் மூளைக்குச் செல்லும் செய்தியின் தொடக்கம்.

நிமிர்ந்த ரெட்டினால் பின்னர் புரதத்தை விட்டுப் பிரிகிறது. அதை மறுபடி வளைத்துப் பொருத்தினால்தான் அடுத்த முறை பயன்படும். வெயிலிலிருந்து வந்தவருக்கு இருட்டு முழுமையாகப் பழக அரைமணி நேரம்வரை ஆவது இதனால்தான். இந்த நுட்பத்தை ஆராய்ந்த ஜார்ஜ் வால்டு என்ற அமெரிக்க விஞ்ஞானி 1967-இல் வேறு இருவருடன் நோபல் பரிசு பெற்றார்.

இந்தச் சுழற்சியில் வீணாகும் பங்கை இரத்தம் ஈடுசெய்ய வேண்டும். இரத்தத்துக்கு அதைத் தருவது கல்லீரலில் உள்ள சேமிப்பு. சேமிப்பு கரைந்துபோனால் குச்சி செல்கள் முதலில் தடுமாறும். பகலில் நன்றாக ஓடியாடும் குழந்தை, அந்தி சாய்ந்ததும் வாசற்படியில் இடறும். அதைத்தான் நம் முன்னோர் மாலைக்கண் என்றனர். பழைய எகிப்தியரும் கிரேக்கரும் அதற்கு ஈரலை மருந்தாகக் கொண்டனர். வைட்டமின் என்ற சொல் பிறப்பதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சரியான மருந்து கையில் இருந்தது என்பது வியப்பன்றோ!

பச்சைக்குள் ஒளிந்த மஞ்சள்

1913-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் மெக்காலம் என்பவரும் மார்கரெட் டேவிஸ் என்ற பெண்மணியும் எலிகளுக்கு வெவ்வேறு கொழுப்புகளைக் கொடுத்துப் பார்த்தனர். வெண்ணெயிலும் முட்டை மஞ்சட்கருவிலும் இருந்த ஏதோ ஒரு பொருள் எலிகளை வளரச் செய்தது. பன்றிக் கொழுப்பிலும் ஆலிவ் எண்ணெயிலும் அது இல்லை. அப்பொருளே பின்னர் வைட்டமின் ஏ எனப் பெயர் பெற்றது.

பால், நெய், முட்டை, மீன், ஈரல் ஆகியவற்றில் இது நேரடியாகக் கிடைக்கிறது. தாவரங்களில் வைட்டமின் ஏ இல்லை. ஆனால் கரோட்டீன் என்ற மஞ்சள் பொருள் உண்டு. நம் உடல் அதை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது. காரட், பரங்கிக்காய், பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றின் நிறத்துக்கு இவ்வகைப் பொருள்களே காரணம்.

இங்கே இரண்டு ஐயங்கள் எழலாம். கீரை பச்சையாக இருக்கிறதே, அதில் மஞ்சள் எங்கே? கீரையிலும் கரோட்டீன் நிறைய உண்டு. பச்சையம் என்ற வலுவான நிறம் அதை மறைத்து நிற்கிறது. இலை பழுத்துப் பச்சையம் சிதையும்போது, மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. ஆகவே அடர்ந்த பச்சை நிறக் கீரைகளே மேலானவை. முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, அரைக்கீரை, முளைக்கீரை எல்லாம் இக்கூட்டத்தைச் சேர்ந்தவை. இரண்டாவது ஐயம்: சாம்பாரும் எலுமிச்சை சாதமும் மஞ்சளாக இருக்கின்றனவே? அது மஞ்சள்தூளின் நிறம். அதற்குக் காரணமான குர்க்குமின் வேறு பொருள். வைட்டமின் ஏ-யாக அது மாறாது. மஞ்சளாகத் தெரிவதெல்லாம் கரோட்டீன் அன்று. வெள்ளைவெளேரென்ற தீட்டிய அரிசியில் கரோட்டீன் அறவே இல்லை. வெறும் சோறும் ரசமும் மட்டும் உண்ணும் குழந்தைக்கு வயிறு நிறையும். கண் பட்டினி கிடக்கும்.

கரோட்டீன் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே கீரையைக் கடையும்போது ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விடுவது சுவைக்காக மட்டுமன்று. சத்து குடலில் உறிஞ்சப்படுவதற்கும் அது உதவுகிறது. அதேபோல், வேகவைக்கும்போது இலையின் செல் சுவர்கள் சிதைவதால் உள்ளிருக்கும் கரோட்டீன் எளிதில் வெளிவருகிறது.

இத்தகைய உணவாராய்ச்சி நம் நாட்டில் தொடங்கியது நீலகிரியில்தான். 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் ஓர் அறையில் தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவு வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ திரவம் புகட்டும் திட்டம் 1970-இல் இந்தியாவில் தொடங்கியது.

ஐந்து நாட்களுக்கு ஐந்து சம்புடம்

அரைமணி நேரத்துக்குள் முடியக்கூடிய சில எளிய மதிய உணவுகளை இங்கே தருகிறேன். உங்கள் வீட்டு வழக்கப்படி மாற்றிக்கொள்ளலாம்.

திங்கள்: முருங்கைக்கீரை சாதம். இரவே கீரையை உருவி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, இறக்கும் தறுவாயில் கீரையைப் போட்டு வதங்கவிடுங்கள். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் தாளித்துச் சோற்றுடன் பிசையுங்கள். ஆறியபின் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். எலுமிச்சையின் வைட்டமின் சி, கீரையில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர உதவும். சூட்டில் பிழிந்தால் அந்த வைட்டமினில் ஒரு பகுதி அழியும்.

செவ்வாய்: எலுமிச்சை சாதமும் காரட் வதக்கலும். வேர்க்கடலையை ஒரு கைப்பிடி சேர்த்தால் புரதமும் கிடைக்கும். முட்டை உண்பவர்கள் வேகவைத்த முட்டையைச் சம்புடத்தில் வைக்காமல், காலைப் பலகாரத்துடனேயே உண்டுவிடுவது நல்லது.

புதன்: தயிர் சாதம். துருவிய காரட்டும் மாங்காய்த் துண்டும் சேருங்கள். தொட்டுக்கொள்ளக் கொள்ளுத் துவையல்.

வியாழன்: சப்பாத்தியும் பரங்கிக்காய்ப் பொரியலும். பரங்கிக்காயைத் தோலுடன் சிறு துண்டுகளாக்கி, கடுகும் மிளகாயும் தாளித்து வதக்கினால் பத்து நிமிடத்தில் முடியும்.

வெள்ளி: புளிசாதம், கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு துண்டு பப்பாளி. கடலையை முதல்நாள் இரவே ஊறவைத்துவிட வேண்டும்.

உணவோடு சேர்த்தோ உடனே பின்னரோ தேநீர் அருந்தாதீர்கள். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வைட்டமின் ஏ மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் விழுங்குவதும் தவறு. அளவு மிஞ்சினால் அது நஞ்சு. கருவுற்ற பெண்களுக்குச் சிறப்பாகத் தீங்கு தரும். காரட்டிலும் கீரையிலும் அந்த அச்சம் இல்லை. உடல் தன் தேவைக்கு ஏற்பவே கரோட்டீனை மாற்றிக்கொள்கிறது.

ஏழு மணிச் சோறு, ஒரு மணிப் பசி

காலை 7 மணிக்குக் கட்டிய சோற்றை நாம் பிற்பகல் 1 மணிக்கு உண்கிறோம். இடையில் 6 மணி நேரம். சம்புடத்தினுள் நடப்பதென்ன?

பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியில் இயல்பாகவே காணப்படுகின்றன. சோறு கொதித்தாலும் இவ்வித்துகள் சாவதில்லை. வெதுவெதுப்பான ஈரம் கிடைத்ததும் முளைத்துப் பெருகத் தொடங்குகின்றன. 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒன்று இரண்டாகிறது என்று கொள்வோம். 6 மணி நேரத்தில் 18 முறை இரட்டிப்பாகும். 2-ஐ 18 முறை பெருக்குங்கள்: 2,62,144. ஒன்றிலிருந்து இரண்டரை லட்சம்! முளைப்பதற்குச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால் நடைமுறையில் எண்ணிக்கை குறையலாம். ஆனால் பெருக்கத்தின் வேகம் இத்தகையது. இந்தப் பாக்டீரியாவின் ஒருவகை நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. இரவு முழுதும் வெளியில் கிடந்த சோற்றைக் காலையில் தாளித்துக் கட்டுவது ஆபத்தாவது இதனால்தான்.

இதைத் தடுக்க வழிகள் உண்டு. முதலாவது வழி, புளிப்பு. தயிர், புளி, எலுமிச்சை ஆகியவற்றின் அமிலத்தில் இப்பாக்டீரியா செழிப்பதில்லை. நம் முன்னோர் நெடும்பயணத்துக்குப் புளிசாதம் கட்டியது தற்செயலன்று. நீரூற்றிய பழைய சோறும் இரவில் புளிப்பேறுவதால்தான் கெடாமல் நிற்கிறது. தயிர் சாதத்தில் பெயருக்கு ஒரு கரண்டி தயிர் விடாமல் தாராளமாக விடுங்கள்.

இரண்டாவது வழி, வெப்பநிலை. 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும் 5 டிகிரிக்குக் கீழும் இவை பெருகுவதில்லை. நல்ல வெப்பக்காப்புப் பாத்திரம் இருந்தால், கொதிநீரை ஊற்றிச் சிறிது நேரம் வைத்துக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்க உணவை நிரப்புங்கள். சாதாரணச் சம்புடமானால், சோற்றைத் தட்டில் பரப்பி நன்றாக ஆறவைத்த பிறகே மூடுங்கள். குவியலாக இருந்தால் நடுப்பகுதி நெடுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். இதில் ஒரு பௌதிக விதி உண்டு. குவியலின் தடிமனைப் பாதியாக்கினால், நடுப்பகுதியின் வெப்பம் வெளியேறும் நேரம் பாதியாவதில்லை. ஏறத்தாழ கால் பங்காகிறது. சூட்டோடு மூடினால் ஆவி குளிர்ந்து மூடியில் நீராகிச் சோற்றில் சொட்டும். அந்த ஈரம் பாக்டீரியாவுக்கு விருந்து.

மைச்சிமிழுக்குள் என்ன இருக்கிறது?

இனி கரைக்கு வருவோம். விளக்கெண்ணெய் விளக்கின் சுடருக்கு மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தால் கரி படிகிறது. எண்ணெய் முழுதாக எரியப் போதிய காற்று இல்லாதபோது மிஞ்சும் கார்பன் துகள்களே அவை. தன்மீது விழும் எல்லா நிற ஒளியையும் பெரும்பாலும் விழுங்கிவிடுவதால் கரி கறுப்பாகத் தெரிகிறது. அதை வழித்து நெய்யிலோ விளக்கெண்ணெயிலோ குழைத்தால் வீட்டு மை. கடையில் விற்கும் பென்சில்களில் மெழுகும் எண்ணெயும் கறுப்பு நிறமியும் கலந்திருக்கும்.

ஆனால் கறுப்பெல்லாம் கரியன்று. சுர்மா என்றும் அஞ்சனக்கல் என்றும் விற்கப்படும் பொடிகள் ஆண்டிமனித் தாதுவால் ஆனவை என்று சொல்லப்படுவதுண்டு. ஆய்ந்து பார்த்தபோது பலவற்றில் இருந்தது ஈய சல்பைடு என்ற தாது. பழைய எகிப்தியரின் மைச்சிமிழ்களிலும் இதே தாது இருந்ததைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்டனர். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. கண்ணில் இட்டது வயிற்றுக்கு எப்படிப் போகும்? கண்ணின் மூக்கோர மூலையில் ஒரு சிறு துளை உள்ளது. கண்ணீர் அதன் வழியே மூக்குக்கும் தொண்டைக்கும் வடிகிறது. மை கரைந்து அதே வழியில் போகிறது. குழந்தை கண்ணைக் கசக்கி விரலை வாயில் வைப்பது இன்னொரு வழி.

அழகுப் பொருள்களில் நிறத்துக்காக ஈயச் சேர்மங்களைப் பயன்படுத்துவதை இந்தியச் சட்டம் தடைசெய்துள்ளது. தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை அச்சிடப்படாத மையை வாங்காதீர்கள். ஈயம் உள்ளதா என்று வீட்டில் நிறத்தைப் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க இயலாது. அதற்கு எக்ஸ் கதிர்ச் சோதனை போன்ற ஆய்வகச் சோதனை வேண்டும்.

கைக்குழந்தைக்கு மை இட்டால் கண் பெரிதாகும் என்பது நெடுநாள் நம்பிக்கை. பிறந்த குழந்தையின் விழிக்கோளம் முன்பின்னாக ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் நீளம். வளர்ந்தவருக்கு அது 24 மில்லிமீட்டர். மை இட்டாலும் இடாவிட்டாலும் அது வளரும். பாட்டி மனம் நோகாமலிருக்க வேண்டுமானால், திருஷ்டிப்பொட்டைக் குழந்தையின் பாதத்தில் வைத்துவிடுங்கள், கண்ணுக்குள் வேண்டாம்.

கண் பெரிதாகத் தெரிவது எப்படி?

மை கண்ணைப் பெரிதாக்குவதில்லை. ஆனால் பெரிதாகத் தெரியச் செய்கிறது. அதில் இரண்டு பார்வை மயக்கங்கள் உள்ளன. ஒன்று, மாறுபாடு. கறுப்பின் அருகில் வெள்ளை மேலும் வெண்மையாகத் தெரியும். மற்றொன்றை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு நாணயங்களைத் தாளில் தள்ளித் தள்ளி வையுங்கள். ஒன்றைச் சுற்றிச் சற்றே பெரிய வட்டமும், மற்றதைச் சுற்றி மிகப் பெரிய வட்டமும் வரையுங்கள். முதல் நாணயம் பெரிதாகத் தோன்றும். 1865-இல் இதை எடுத்துக்காட்டிய பெல்ஜிய அறிஞர் டெல்போஃப் என்பவரின் பெயரால் இம்மயக்கம் அழைக்கப்படுகிறது. கண்ணை ஒட்டி வெளியே இழுத்த மைக்கோடு முதல் வட்டம்போலப் பணியாற்றுகிறது. அதே மையை இமையின் உள்விளிம்பில் அப்பினால் வெண்மை மறைந்து, கண் சிறுத்துத்தான் தெரியும்.

இனி, மை இடுவோருக்குச் சில யோசனைகள்:

1. கோட்டை இமைமயிருக்கு வெளிப்புறமாக இழுங்கள். உள்விளிம்பின் ஈரப் பகுதியில்தான் மெய்போமியன் சுரப்பிகளின் வாய்கள் உள்ளன. மெழுகு அவற்றை அடைத்தால் எண்ணெய்ப் படலம் குறைந்து, கண் உலர்ந்து, பளபளப்பும் குறையும்.

2. மூக்கோரத்தில் மெல்லியதாகத் தொடங்கி வெளி மூலையில் சற்றுத் தடிமனாக முடியுங்கள். கீழிமையில் வெளிப்புற மூன்றிலொரு பகுதி போதும்.

3. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து மை இடுங்கள். தலைக்கு மேலுள்ள விளக்கு புருவத்தின் நிழலைக் கண்மேல் வீழ்த்தும்.

4. மூக்குக்கண்ணாடி அணிவோர் தம் வில்லையை அறிந்துகொள்ளுங்கள். கிட்டப்பார்வைக்கான குழிவில்லை கண்ணைச் சிறிதாகக் காட்டும். கோடு சற்றுத் தடிமனாக இருக்கலாம். தூரப்பார்வைக்கான குவிவில்லை பெரிதாக்கிக் காட்டும்; மெல்லிய கோடே அழகு.

5. மினுமினுக்கும் இமைப்பொடியில் அபிரகத் துகள்கள் இருக்கும். மழைநாள் சாலையில் எண்ணெய்ப் படலம் வானவில் காட்டுவதுபோல, துகள்மேல் உள்ள மெல்லிய பூச்சு நிறம் காட்டுகிறது. அழகுதான், ஆனால் துகள் கண்ணுள் விழுந்தால் கருவிழியில் கீறும். கண்ணை மூடி, சிறிதளவே பூசுங்கள்.

6. ஓடும் பேருந்தில் மை இடாதீர்கள். ஒரு குலுக்கலில் பென்சில் முனை கருவிழியில் குத்திவிடும்.

7. ஒருவர் மைக்கோலை மற்றவர் பயன்படுத்தக் கூடாது. தோழியானாலும் தங்கையானாலும் சரி. "மெட்ராஸ் ஐ" ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குப் போக இது குறுக்குவழி. நோய் வந்து போனபின் பழைய மையை எறிந்துவிடுங்கள். இமைமயிர்ச் சாயத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். காய்ந்துபோனால் எச்சில் தொட்டுக் குழைக்காதீர்கள்.

8. ஒட்டுவில்லை அணிவோர் வில்லையை முதலில் அணிந்து பிறகு மை இடுங்கள். இரவில் வில்லையை எடுத்த பிறகே மையைத் துடையுங்கள்.

9. உறங்கும்முன் மையை அகற்றுங்கள். எண்ணெயில் குழைத்தது நீரில் போகாது, எண்ணெயில்தான் கரையும். பஞ்சில் இரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு மூடிய இமையை மெதுவாகத் துடைத்து, பின்னர் முகம் கழுவுங்கள்.

எரிச்சலோ சிவப்போ கண்டால் மையை நிறுத்திவிட்டுக் கண் மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள்

சோறு ஒரு குழந்தையைப் பள்ளிக்கு அழைத்து வரும் என்பதைத் தமிழ்நாடு நன்கு அறியும். 1956-இல் காமராசர் காலத்தில் விரிவாக்கப்பட்ட மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், பிற்காலத்தில் அதில் சேர்ந்த முட்டையும் கோடிக்கணக்கான குழந்தைகளின் தட்டை நிரப்பியிருக்கின்றன. அந்தத் தட்டில் கீரையும் காரட்டும் இருக்கும்போது, பிடிக்கவில்லை என்று ஓரத்தில் ஒதுக்கும் தம்பி தங்கையரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் ஒதுக்குவது எதை என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கும் சொல்லுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். உங்கள் தெருவில் மாலை விளையாட்டின்போது, வெளிச்சம் மங்கியதும் பந்தைத் தவறவிட்டுத் தடுமாறும் சிறுவன் இருக்கிறானா? விளக்கேற்றும் நேரத்தில் சுவரைத் தடவி நடக்கும் சிறுமி இருக்கிறாளா? சோம்பல் என்றோ கவனக்குறைவு என்றோ திட்டாதீர்கள். அவர்களின் பெற்றோரிடம் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ உடனே அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். மாலைக்கண் நிலையிலேயே கவனித்துவிட்டால், வைட்டமின் ஏ கொடுத்த சில நாட்களிலேயே பார்வை தெளியும். கருவிழி புண்ணான பிறகு எந்த மருந்தாலும் அந்தக் கண்ணைப் பழையபடி ஆக்க முடியாது.